வால்பாறை பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

நான் பிறந்தது வால்பாறையில், ஒரு எஸ்டேட் பாடியில். பாடி என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், மூணாறிலும் இலங்கையிலும் லயம் என்பார்கள். அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினார், அதாவது கிளைகளைக் கழித்துவிடும் வேலை, அம்மா கொழுந்து எடுத்தார். கோவையில் படித்த காலத்திலிருந்து இன்று வரை, ஊர் பெயரைச் சொன்னதும் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை சில கேள்விகள்தான். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்து எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

வால்பாறை சரியாக எங்கே இருக்கிறது? எப்படி வருவது?

கோவை மாவட்டத்தின் தெற்குக் கோடியில், ஆனைமலைத் தொடரின் மேலே, சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரைக்கும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமதரையில் வரலாம். அங்கே வனத்துறை செக்போஸ்ட் தாண்டியதும் மலை ஆரம்பிக்கும், அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நம்பர் எண்ணக் கற்றுக்கொள்வதே பஸ் ஜன்னல் வழியாக இந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் என்று சொல்லலாம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினால் கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும், பக்கத்துப் பாறைகளில் வரையாடு நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கை ரோட்டோரத்தில் நின்றபடி பார்க்கலாம். தயவுசெய்து அதற்கு பிஸ்கட் போடாதீர்கள்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் சோலையாறு அணை, மளுக்குப்பாறை வழியாக கேரளாவுக்கு இறங்கி, அதிரப்பள்ளி அருவியைக் கடந்து சாலக்குடி போய்ச் சேரலாம், முழுக்கக் காட்டுப்பாதை. செக்போஸ்ட்டுகளில் நேரக் கட்டுப்பாடு உண்டு, சாயங்காலம் தாண்டிப் போனால் விடமாட்டார்கள். ரயில் கிடையாது, பக்கத்து ஸ்டேஷன் பொள்ளாச்சி.

நகராட்சி என்கிறார்கள், வந்து பார்த்தால் ஒரே ஒரு கடைவீதிதானே இருக்கிறது?

இதைக் கேட்காத ஆளே இல்லை. காந்தி சிலை, பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், சுப்பிரமணிய சுவாமி கோயில், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், நாலு தெரு. டவுன் என்று பார்த்தால் அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் வால்பாறை நகராட்சி என்பது அந்த நாலு தெரு மட்டும் இல்லை. சுற்றிலும் 220 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்து கிடக்கிற மேட்டுநிலத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் எஸ்டேட்டுகள், டிவிஷன்கள், பாடிகள் எல்லாம் சேர்ந்ததுதான் நகராட்சி. ஒரு வார்டு என்றால் இரண்டு மூன்று மலைச்சரிவு. கவுன்சிலர் தன் வார்டைச் சுற்றிவர ஜீப் வேண்டும். முடீஸ், சின்கோனா, ஹைபாரஸ்ட், ஸ்டேன்மோர், ரொட்டிக்கடை, ஷேக்கல்முடி, சிறுகுன்றா என்று ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே பாதி வெள்ளைக்காரர் வைத்தது, பாதி மலையின் பழைய பெயர் என்று புரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் எங்கள் ஊரில் எதுவுமே புரியாது. இந்த நகராட்சியில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காலடி மண் சொந்தமில்லை. நிலம் எஸ்டேட்டுடையது, வீடு எஸ்டேட்டுடையது, பாடிக்குப் போகும் ரோடும் பல இடங்களில் எஸ்டேட்டுடையது, அதற்கு வெளியே இருப்பது வனத்துறை நிலம். ஓட்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, நாலு தலைமுறையாக அதே விலாசம் இருக்கிறது, பட்டா மட்டும் இல்லை. அரசாங்கம் ஏழைக்கு வீடு கட்டித்தர எத்தனை திட்டம் போட்டாலும் கட்டுவதற்குச் சொந்தமாக இடம் இருக்கவேண்டும் அல்லவா?

இந்த ஊரை யார் உருவாக்கியது?

கவர்க்கல் பக்கம் மலை ஏறி வரும்போது ரோட்டோரம் கார்வர் மார்ஷ் என்ற வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு சிலை இருக்கும். ஆனைமலையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காட்டை வெட்டித் தோட்டம் போட வந்தவர்களில் அவர் முக்கியமானவர். முதலில் காபி, அப்புறம் தேயிலை, இடையில் ஏலக்காய். ரோடு போட்ட இன்ஜினியர் லோம் பெயரில் அந்த ஒன்பதாம் வளைவு இருக்கிறது.

சிலை இல்லாதவர்களைப் பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கமிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்த குடும்பங்கள்தான் இந்தக் காட்டைத் தோட்டமாக்கின. அதில் பெரும்பாலும் நிலமில்லாத தலித் மக்கள். பஞ்சம் ஒரு பக்கம், ஊரில் சாதிக் கொடுமை இன்னொரு பக்கம், அங்கே போனால் வருஷம் முழுக்க வேலை என்ற வார்த்தை மறுபக்கம். வந்த இடத்தில் மழையும் குளிரும் அட்டையும் மலேரியாவும். காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. என் கொள்ளுத்தாத்தாவின் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் இங்கே வந்தார்களாம், ஒருத்தர்தான் மிஞ்சினார் என்று ஆத்தா சொல்லும். அந்த மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவை எடுக்கிற சின்கோனா மரத்தையும் இதே மலையில் அரசாங்கம் பயிர் செய்தது. இன்றைக்கு மரம் இல்லை, ஊர்ப்பெயர் மட்டும் சின்கோனா என்று நிற்கிறது, அந்த இடத்தில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தேயிலை இருக்கிறது. 1964ஆம் வருஷ சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் அந்தக் கழகமே பிறந்தது. அதனால் அந்தப் பாடிகளில் கண்டியும் ஹட்டனும் நினைவில் உள்ள கிழவிகள் இன்னமும் இருக்கிறார்கள்.

மக்கள்தொகை எவ்வளவு? ஊர் சின்னதாகிக்கொண்டே போகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2001 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 95,000 பேர். 2011இல் ஏறக்குறைய 71,000. பத்தே வருஷத்தில் நாலில் ஒருத்தர் இறங்கிப் போய்விட்டார்கள். தமிழ்நாட்டில் ஊர்கள் எல்லாம் பெருத்துக்கொண்டிருந்த அதே பத்து வருஷம் அது.

அந்தச் சமயத்தில் தேயிலை விலை படுத்துவிட்டது. சில தோட்டங்கள் சம்பளம் பாக்கி வைத்தன, ஆள் குறைத்தன. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு அப்போது ஆள் தேவைப்பட்டது, கோவையில் மில், பட்டறை, கட்டட வேலை. குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு லாரியில் இறங்கியதைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பாடியில் பத்து வீட்டு வரிசை ஒன்று, நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எட்டில் விளக்கெரியும். பத்தாம் வகுப்பு வரும்போது மூன்று. ஆள் இல்லாத வீட்டுக்குள் முதலில் மழை வரும், அப்புறம் செடி வரும், அப்புறம் காட்டுப்பன்றி வரும்.

சம்பளம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் எந்தத் தாயும் தன் பிள்ளை படங்கு கட்டவேண்டும் என்று நினைக்காததுதான். படங்கு என்றால் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த ஷீட், செடிக்குள் நுழையும்போது உடம்பு கிழியாமல் இருக்க. தலைக்கு மேலே மழைக்குக் கொங்காணி. காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு நாள் முழுக்கச் சரிவில் நின்று, கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து எடைபோடும் இடத்துக்கு இறக்கி, எடையில் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்தது போக மிச்சத்தைக் கணக்கில் எழுதுவார்கள். அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரல் நுனி கறுத்துப்போய் வெடித்திருக்கும், தேயிலைக் கறை, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கல்யாண வீட்டுக்குப் போனால் அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எங்கே போவார்கள்?

போக இடம் இருந்தால் போவார்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951ஆம் வருஷத்தது. வேலை செய்கிறவரைக்கும் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் கம்பெனி தரவேண்டும் என்று அது சொன்னது, நல்ல சட்டம்தான் (2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). வேலை முடிந்த மறுநாளைக்கு அந்த 1951 சட்டத்தில் பதில் இருக்கவில்லை. அப்பா 58 வயதில் ரிட்டயர் ஆனார். பணிக்கொடை பாக்கி இருந்தது, ஆபீசில் போய்க் கேட்டால் முதலில் வீட்டுச் சாவி, அப்புறம் செக் என்றார்கள். அப்பா பிறந்ததும் அதே வரிசையில் நாலு வீடு தள்ளித்தான். வாசலில் அவர் நட்ட கொய்யா மரமும், அம்மா போட்ட மேராக்காய்ப் பந்தலும் இருந்தன. ஐந்து மாதம் இழுத்துப் பார்த்தோம், கடைசியில் சாவியைக் கொடுத்தோம். எந்தத் தோட்டம் என்று எழுதவில்லை, ஏனென்றால் அது ஒரு தோட்டத்தின் வழக்கம் மட்டும் இல்லை.

நகராட்சி எல்லைக்குள் ஒதுக்குவதற்குப் புறம்போக்கு நிலம் கொஞ்சமாவது கண்டுபிடித்து, ஓய்வு பெற்றவர்களுக்கு ஆளுக்கு மூன்று சென்ட் கொடுங்கள் என்பதுதான் எல்லா தொழிற்சங்கங்களும் வருஷக்கணக்காகக் கேட்டுவருவது. நானும் அதைத்தான் கேட்கிறேன். சுற்றுலாவுக்கு என்னென்னவோ கட்டுகிறார்கள், கட்டட்டும், அதற்கு முன்னால் இது.

இப்போது தோட்ட வேலையை யார் செய்கிறார்கள்?

ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா, பீகார் ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் லீவு நாள், கடைவீதிக்கு வாருங்கள், காது கொடுத்துக் கேளுங்கள்: தமிழ், மலையாளம், இந்தி, சாந்தாலி, சாத்ரி எல்லாம் கேட்கும். காய்கறிக்கடை அக்காக்கள் இந்தியில் விலை சொல்லப் பழகிவிட்டார்கள். கொழுந்தும் முன்போல் விரலால் கிள்ளுவது குறைந்துவிட்டது, கத்தரி வந்தது, இப்போது மெஷின்.

அவர்களைப் பற்றி எங்கள் ஆட்களில் சிலர் ஒரு மாதிரி பேசுவது எனக்குப் பிடிக்காது. நூறு வருஷத்துக்கு முன்னால் கங்காணி கூட்டிவந்த நம் தாத்தா பாட்டியும் இப்படித்தான் வந்து இறங்கினார்கள். அதே பாடி, அதே மழை.

மழை எப்படி இருக்கும்?

சமவெளி ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். உடுமலைப் பக்கம் 600, 700 பெய்தாலே நல்ல மழை என்பார்கள், நடுவில் இருப்பது ஒரே ஒரு மலைதான். டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள சின்னக்கல்லாறு இந்தியாவிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று, பேப்பர்க்காரர்கள் தமிழ்நாட்டின் சிரபுஞ்சி என்று எழுதுவார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆகஸ்ட் வரை வெயில் என்ற ஒன்றை மறந்துவிடவேண்டும். பள்ளிக்கூடச் சட்டை அடுப்புக்கு மேலே கட்டின கொடியில்தான் காயும், அதனால் எங்கள் எல்லார் சட்டையிலும் புகைவாசம் இருக்கும். கோவையில் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் வெயிலில் காய்ந்த துணியை மோந்து பார்த்து எனக்கு என்னவோ போலிருந்தது.

அட்டை பற்றியும் கேட்பார்கள். இருக்கிறது, கடிக்கும், செத்துப்போக மாட்டீர்கள். கொஞ்சம் உப்போ மூக்குப்பொடியோ வைத்துக்கொள்ளுங்கள். பிய்த்து இழுக்காதீர்கள், புண்ணாகும்.

மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024 ஜூலை 30 அதிகாலை, வயநாட்டில் மலை சரிந்து ஊர்களே போன அதே நாளில், இங்கே சோலையாறு அணைப் பக்கம் ஒரு வீட்டின் மேல் மண் சரிந்து பாட்டியும் பேத்தியும் இறந்துபோனார்கள். வயநாடு பெரிய செய்தி, இது ஓரத்துச் செய்தி. எங்களுக்கு இரண்டும் ஒரே மலை.

அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?

பாதிக் கொங்குநாடு இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பி.ஏ.பி. என்பார்கள். வால்பாறை மலையில் பெய்கிற மழை இயல்பாக மேற்கே கேரளாவுக்குப் போகிற மழை. அதை மேல்நீராறு, கீழ்நீராறு என்று பிடித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பரம்பிக்குளம், தூணக்கடவு, பிறகு சர்க்கார்பதி மின்நிலையம் வழியாகத் திருமூர்த்தி அணை வரைக்கும் கிழக்கே திருப்பிவிடுகிறார்கள். காமராஜர் ஆட்சியில் ஆரம்பித்த வேலை. கேரளாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29ஆம் தேதி, ஆனால் 1958லிருந்தே அமல் என்று போட்டார்கள். அதன்படி சோலையாற்றிலிருந்து கேரளாவுக்கு வருஷம் 12.3 டிஎம்சி கொடுக்கவேண்டும். திருமூர்த்தி அணைப் பாசனம் மட்டும் 3.77 லட்சம் ஏக்கர். பொள்ளாச்சி இளநீர், உடுமலை மக்காச்சோளம், பல்லடத்துக் கோழிப்பண்ணைத் தீவனம் எல்லாவற்றிலும் எங்கள் மழை கொஞ்சம் இருக்கிறது.

சோலையாறு அணை 160 அடி நிரம்பினால் கீழே பொள்ளாச்சியில் விவசாயிகள் சந்தோஷப்படுவார்கள். எங்கள் பாடியில் வெயில்காலத்தில் குழாயில் தண்ணீர் வராது. ஓடையில் ஹோஸ் போட்டு எடுப்போம், யானை மிதித்து ஹோஸ் உடைந்தால் மறுபடி போய்ச் சொருகிவிட்டு வரவேண்டும். அந்த வேலை எனக்கும் தம்பிக்கும்.

யானை வீட்டை இடிக்குமாமே, பயமில்லையா?

பயம் உண்டு. பயத்தோடு வாழப் பழகியிருக்கிறோம், அதுவும் சும்மா பழகவில்லை, முறையாகக் கற்றுக்கொண்டோம்.

சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், நடுவில் தேயிலை. யானைக்கு இது ஊர் இல்லை, ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் பாதை. வருஷத்தில் நூறுக்கும் மேற்பட்ட யானைகள் இந்த மேட்டைக் கடந்துபோகின்றன. வழியில் ரேஷன் கடை அரிசியும் பள்ளிக்கூடச் சத்துணவு அரிசியும் மணக்கும், கதவைத் தள்ளி எடுத்துக்கொள்ளும். 1994க்குப் பிறகான இருபது வருஷத்தில் நாற்பது பேர் அளவில் யானையிடம் சிக்கி இறந்திருக்கிறார்கள். இதை ஆராய்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆட்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள்: இறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த இடத்தில் யானை நிற்கிறது என்பதே தெரியாது. இருட்டில், பனிமூட்டத்தில், பஸ்ஸை விட்டு இறங்கிப் பாடிக்கு நடக்கும்போது நேருக்கு நேர் மோதிக்கொண்டவர்கள்.

அப்படியானால் தெரியப்படுத்தினால் போதும் அல்லவா. சாயங்காலம் யானை எங்கே நிற்கிறது என்று உள்ளூர் கேபிள் டிவியில் கீழே வரி ஓடவிட்டார்கள். அப்புறம் சுற்றுவட்டாரத்து ஆட்களின் செல்போனுக்கெல்லாம் தமிழில் மெசேஜ். அப்புறம் முக்கியமான இடங்களில் உயரத்தில் சிவப்பு விளக்கு, செல்போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தாலே எரியும். அந்த விளக்கை எரியவிடும் பொறுப்பு எங்கள் ஆட்களிடமே, சூப்பர்வைசர், வாட்ச்மேன், டீக்கடைக்காரர் என்று. இதை முன்னின்று செய்த, அந்த அறக்கட்டளையின் ஆனந்தகுமாருக்கு 2015இல் லண்டனில் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கொடுத்தார்கள். மனிதச் சாவு நிறையக் குறைந்தது, சில வருஷம் ஒன்றுகூட இல்லாமலும் போயிருக்கிறது.

எங்கள் ஸ்டாப்பில் அந்த விளக்கு இருக்கிறது. கடைசி பஸ்ஸில் வரும்போது டிரைவர் அண்ணன் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "லைட்டு எரியுதுங்க, யாரும் எறங்காதீங்க" என்று சொல்லி, ஃபேக்டரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஃபேக்டரியில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டு விளக்கு அணையும்வரை காத்திருப்போம். யானையை யாரும் திட்டிக் கேட்டதில்லை. பெரியவர் போகட்டும் என்பார்கள்.

சிறுத்தை?

இது வேறு, இதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. 2025 ஜூனில் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பெண் குழந்தையை வீட்டு முன்னாலிருந்து சிறுத்தை கவ்விக்கொண்டு போனது. அதற்கு முந்தைய வருஷமும் ஒரு குழந்தை. புதிதாக வந்தவர்களின் பிள்ளைகளே அதிகம் பலியாகிறார்கள், ஏனென்றால் பாடியை ஒட்டிய புதரை வெட்ட ஆளில்லை, லைட் இல்லை, கழிப்பறை வெளியே, அந்தி சாய்ந்ததும் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளவேண்டும் என்ற பழக்கம் அவர்களுக்கு இன்னும் சொல்லித்தரப்படவில்லை. கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடிப்பது செய்தியில் வரும். பாடி வாசலில் நல்ல விளக்கும் வேலியும் போட்டு, குப்பையையும் கோழிக்கழிவையும் ஒழுங்காக அள்ளினால் பாதி பிரச்சினை தீரும். இது காட்டிலாகா வேலை மட்டும் இல்லை, தோட்டத்தின் வேலை, நகராட்சியின் வேலை.

இங்கே ஆதிவாசிகள் இருக்கிறார்களா?

நாங்கள் எல்லாரும் வந்தேறிகள், அவர்கள்தான் இந்த மலையின் மக்கள். காடர், முதுவர், மலசர், மலைமலசர், இரவாளர், புலையர் என்று ஆறு சமூகங்கள். அதில் காடர்கள் இந்த ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத சின்னச் சமூகம். தேன், குங்கிலியம், காட்டு வழி, இருவாச்சிப் பறவை கூடு வைக்கும் மரம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

2019 ஆகஸ்ட் மழையில் கல்லார் என்ற காடர் குடியிருப்பு மண்சரிவில் சேதமானது. அவர்களைக் கொண்டுபோய் எஸ்டேட்டின் பழைய பாடி வீட்டில் வைத்தார்கள். காட்டு மக்களுக்கு அந்த வரிசை வீட்டில் மூச்சு முட்டியது. பக்கத்திலேயே தெப்பக்குளமேடு என்ற இடத்தைக் காட்டி, வன உரிமைச் சட்டப்படி அங்கே நிலம் கொடுங்கள் என்று கேட்டுப் போராடி, நடைபயணம் போய், 2021இல் வாங்கினார்கள். பெண்கள் முன்னால் நின்று நடத்திய போராட்டம் அது. காலடி மண்ணைக் கேட்டு வாங்கமுடியும் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான்.

சிங்கவால் குரங்கைப் பார்க்க முடியுமா?

முடியும், புதுத்தோட்டம் பக்கம் ரோட்டிலேயே பார்க்கலாம். உலகத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு, எங்கள் பஸ் ஸ்டாப் கூரையில் உட்கார்ந்திருக்கும். தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய சோலைகளில் வாழ்கிறது, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரோட்டைத் தாண்டவேண்டும், அப்போது வண்டியில் அடிபடுகிறது. அதற்காக மரத்துக்கு மரம் பழைய தீயணைப்பு ஹோஸ், ரப்பர் பட்டைகளால் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு அது அந்தப் பாலத்தில் போவதைப் பார்த்தால் வண்டியை மெதுவாக ஓட்டத் தோன்றும். ஓட்டுங்கள்.

இ-பாஸ் வேண்டுமா? எந்த மாதம் வரலாம்?

வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2025 நவம்பர் 1 முதல் ஊட்டி, கொடைக்கானல் போல வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது, ஆன்லைனில் எடுக்கலாம். ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நன்றாக இருக்கும், குளிரும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஆற்றில் இறங்காதீர்கள். கூழாங்கல் ஆறு என்று படத்தில் பார்க்கும்போது முட்டளவு தண்ணீர் போலத் தெரியும். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும், பாறைக்கிடையில் சுழல் இருக்கும். 2023 அக்டோபரில் கோவையிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் சோலையாறு எஸ்டேட் பக்கம் மூழ்கிப் போனார்கள். ஒருத்தனைக் காப்பாற்ற இன்னொருத்தன் இறங்கி.

ஆஸ்பத்திரி, காலேஜ் வசதி?

அரசு மருத்துவமனை இருக்கிறது, அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரி வந்த பிறகு எத்தனையோ கொழுந்தெடுப்பவர் மகள்கள் பட்டம் வாங்கினார்கள், அது பெரிய விஷயம். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருக்கிறவரை பார்க்கிறார்கள், கொஞ்சம் சிக்கல் என்றால் பொள்ளாச்சிக்கு எழுதிக்கொடுப்பார்கள். அப்படி எழுதிக்கொடுத்தால் ஆம்புலன்ஸில் 40 வளைவு இறங்கவேண்டும். பிரசவ வலியோடு அந்த வளைவுகளை இறங்கியவர்கள் எங்கள் பாடியிலேயே நாலு பேர். இங்கே ஒரு முழுநேர மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் எந்நேரமும் இருக்கவேண்டும் என்பது அதிகப்படியான ஆசை கிடையாது.

வால்பாறையில் இடம் வாங்கலாமா?

ரிசார்ட் கட்ட இடம் கிடைக்குமா என்று மாதம் ஒருத்தராவது போன் செய்து கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன். முதலில் எங்களுக்கு மூன்று சென்ட்.

உங்கள் அப்பா அம்மா இப்போது எங்கே இருக்கிறார்கள்?

பொள்ளாச்சி பக்கம் கோட்டூர் ரோட்டில் ஒரு வாடகை வீட்டில். எங்கள் தோட்டத்திலிருந்து இறங்கினவர்கள் அந்தத் தெருவிலேயே ஐந்தாறு குடும்பம் இருக்கிறார்கள். நான் டவுனில் ஒரு அறை எடுத்து வால்பாறையிலேயே வேலை பார்க்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா போன் செய்வார், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "மழ பேயுதா சாமி?" என்பார். பெய்கிறது என்றால் போனை ஜன்னல் பக்கம் வைக்கச் சொல்வார். தகரக்கூரையில் விழுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அப்பாவிடம் போனைக் கொடுப்பார்.